அப்பாவின் மணிக்கூடு

அப்பா விட்டுச்சென்ற சொத்துக்களைப் பட்டியலிட அரைத்தாள் போதும். ஒரு தகரப்பெட்டி, ஒரு காக்கிக் கோட்டு, தோட்ட நிருவாகம் வழங்கிய சேவைச் சான்றிதழ், ஒரு சுவிஸ் கைமணிக்கூடு. 2002 இல் அவர் காலமானபின் அந்த மணிக்கூடு தகரப்பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில் நேரத்தைத் துரத்திக்கொண்டிருந்த எனக்கு, நின்றுபோன மணிக்கூட்டைக் கவனிக்க நேரம் இருக்கவில்லை. ஓய்வு பெற்றபின் ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். சாவித் திருகு அசையவில்லை. சப்ரகமுவ மழையின் ஈரம் அதனுள்ளேயும் புகுந்திருந்தது.

அப்பா குருவிட்ட பகுதியில், தேயிலையும் றப்பரும் கலந்த ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். மலையகத்துக்கு வெளியே வாழும் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். விடியற்காலையில் தப்பு ஒலித்ததும் தொழிலாளர்கள் பிரட்டுக்களத்தில் கூட வேண்டும். அங்கேதான் அன்றைய வேலை பிரிக்கப்படும், பெயர் பதியப்படும். பிந்தி வந்தவர் திருப்பி அனுப்பப்படலாம். அல்லது 'அரைப்பேர்', அதாவது அரைநாள் சம்பளம் மட்டும் பதியப்படலாம். பிந்தியதா இல்லையா என்பதைத் தீர்மானித்தது கணக்கப்பிள்ளையின் கையில் இருந்த மணிக்கூடு. களத்தில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டவர்களில் வேறு எவரிடமும் மணிக்கூடு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இரத்தினபுரி நகரில், பஸ் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு கதவளவே அகலமான கடையில் முதியவர் ஒருவர் மணிக்கூடு திருத்துகிறார். அவரை எல்லோரும் நானா என்றே அழைக்கிறார்கள். கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி பொருத்திய எவரையும் மாணிக்க வியாபாரி என்று எண்ணத் தோன்றும் ஊர் அது. நானா பின்மூடியைத் திறந்து நெடுநேரம் பார்த்தார்.

"கல்லுக்கு ஒண்ணும் ஆகல்ல ஐயா. எண்ணெய்தான் பிசினாப் போயிருக்கு. வில்லு செத்துட்டு. கழுவி எடுக்கலாம்."

கல் என்று அவர் சொன்னது முகப்பில் குறிக்கப்பட்டிருந்த 17 கற்களை. சக்கரங்களின் அச்சு முனைகள் உலோகத்தில் உராய்ந்து தேயாதிருக்க, அவற்றைக் கடினமான கல்லில் துளையிட்ட குழிகளில் பொருத்துவார்கள். ஆரம்பத்தில் இயற்கைக் கற்களையே பயன்படுத்தினர். 1902 இல் வெர்னோய் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர், தூளைச் சுவாலையில் உருக்கிச் செயற்கைக் கெம்பு செய்யும் முறையை வெளியிட்டபின் அவை தொழிற்சாலைச் சரக்காகின. இரத்தினபுரி மண்ணைத் தோண்டித் தேடும் நீலக்கல்லும் அந்தக் கெம்பும் ஒரே கனிமம், குருந்தம். எங்கள் தோட்டத்தைச் சுற்றியிருந்த வயல்களில் மாணிக்கக் குழிகள் இருந்தன. அவற்றில் கிடைத்தது எதுவும் எங்கள் கைக்கு வந்ததில்லை. அப்பாவின் கையில் இருந்த 17 கற்களும் சுவிஸில் இருந்து வந்தவை.

நானா அதை ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றினார். பென்சினில் கழுவினார், முதன்மை வில்லை மாற்றினார், ஊசிமுனையில் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு துளி வைத்தார். முகப்பு பழுப்பேறி, தயாரிப்பாளர் பெயரும் அழிந்திருந்தது. புதிதாக வர்ணம் பூசிப் பெயரும் எழுதித் தரலாம் என்றார். வேண்டாம் என்றேன். அவருக்கும் அதில் மகிழ்ச்சியே. அக்காலத்து எண்களில் பூசிய ஒளிரும் பூச்சில் ரேடியம் கலந்திருக்கலாம். ஒளிர்வது நின்றுபோனாலும் ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். சுரண்டினால் அதன் தூள் சுவாசத்தில் போகும்.

மூன்றாவது வாரம் போனபோது மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. மணித்தியாலத்துக்கு 18,000 துடிப்பு, நாளொன்றுக்கு 4,32,000. நானா பின்மூடியைத் திறந்து, சமநிலைச் சக்கரத்தின் மேல் இருந்த ஒரு சிறு நெம்பியைக் குச்சியால் சுட்டினார். அதை ஒரு பக்கம் தள்ளினால் மணிக்கூடு முந்தும், மறுபக்கம் தள்ளினால் பிந்தும்.

"இது முந்துற பக்கம் கடைசி வரைக்கும் போயிருந்திச்சு. நான்தான் நடுவுக்குக் கொண்டுவந்தேன்."

"தானாக நகருமா நானா?"

"நகராது. ஆரோ தள்ளி வச்சிருக்காங்க. எண்ணெய் காஞ்சு பிந்தினா, கழுவக் காசில்லாதவங்க இதைத் தள்ளிக்கொண்டு போவாங்க. அப்படியும் இருக்கலாம்."

அப்படியும் இருக்கலாம். பஸ்ஸில் திரும்பும்போது அந்தச் சொற்றொடரைப் பிடித்துக்கொண்டே வந்தேன். ஆனால் அம்மா அடிக்கடி செய்த கேலி நினைவுக்கு வந்தது: "உங்க மணிக்கூடு தொரைக்கு முந்தி எழும்பிடுது." துரையின் குதிரையோ காரோ வருமுன் பிரட்டு முடிந்திருக்க வேண்டும் என்பது அப்பாவின் வாழ்நாள் அச்சம். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையில் நின்ற மனிதரின் அச்சம் அது. அந்த அச்சத்தின் விலையை யார் கொடுத்தது என்று நான் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு தோட்டத்துக்குப் போனேன். கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஓர் அக்கா இன்னும் பழைய லயத்தில் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். மணிக்கூட்டை அவரிடம் கொடுத்தேன்.

"கணக்கப்பிள்ளை ஐயா மணிக்கூடுதானே தம்பி இது? இதை மறக்கேலுமா!"

தயங்கித் தயங்கி நெம்பியின் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இது ஒங்களுக்கு இப்பத்தான் தெரியுமா? அடுத்த டிவிசன்ல மணி அடிக்கிறதுக்கு முந்தியே நம்ம பிரட்டு முடிஞ்சிருமே. கைப்புள்ளைக்குப் பாலக் குடுத்துட்டு ஓடியாருவோம். அரைப்பேரு போட்டுருவாரு. கொறை சொல்லக்கூடாது, மனுசன் நல்லவருதான். மணிக்கூடுதான் பொல்லாதது."

தோட்டத்துறையில் பெண்களின் நாட்சம்பளம் ஆண்களுக்குச் சமமாக்கப்பட்டது 1984 இல்தான். அதற்கு முன் அவருக்குப் பதியப்பட்டது குறைந்த சம்பளத்தின் பாதி. இரண்டு மூன்று நிமிடங்களுக்காக எத்தனை அரைப்பேர், எத்தனை ஆண்டுகள் என்று கணக்கிட என்னிடம் செக்ரோல் இல்லை. பத்திரிகையாளனாகத் தோட்டத் தொழிலாளர் சம்பளம் பற்றி எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். என் பள்ளிக்கூடச் செலவுக்கு வந்த சம்பளம் எந்த மணிக்கூட்டை வைத்து உழைக்கப்பட்டது என்று ஒன்றிலும் எழுதியதில்லை.

இன்னொரு சம்பவமும் இப்போதுதான் விளங்குகிறது. 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தது. பழைய நேரம் முழுமையாகத் திரும்பியது 2006 ஏப்ரலில். ஓய்விலிருந்த அப்பா தன் மணிக்கூட்டை மாற்ற மறுத்துவிட்டார். நான் வற்புறுத்தியபோது, "நேரத்த முன்னுக்குத் தள்ளினா அது யாரோ ஒருத்தன் தலையிலதான் விடியும்" என்றார். விடியுமுன் இருட்டில் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறார் என்று எண்ணி, பத்திரிகையில் ஒரு பத்தியும் எழுதினேன். அவர் வேறெதையோ சொல்லியிருக்கலாம். இறக்கும்வரை அவர் பழைய நேரத்திலேயே இருந்தார்.

அக்கா மணிக்கூட்டைக் காதோடு வைத்துக் கேட்டார்.

"இப்ப சரியான நேரந்தானா தம்பி?"

"சரியான நேரந்தான் அக்கா."

முழுவதும் சரியில்லை. நாளொன்றுக்கு ஏறக்குறைய இருபது விநாடி பிந்துகிறது. கொண்டுவந்தால் நெம்பியைச் சற்று முன்தள்ளித் தருவதாக நானா சொன்னார். நான் கொண்டுபோகவில்லை.