சாவித் தண்டில் ஏறிய துரு

சிங்கப்பூரின் கேலாங் சாலையில் ஒற்றைப்படை லோரோங் சந்துகள் ஒரு பக்கம், இரட்டைப்படை லோரோங்குகள் மறுபக்கம். எண்ணைப் பிடித்துக்கொண்டு நடந்தால் வழி தவறாது. டுரியான் கடைகளைத் தாண்டியதும் ஐந்தடி நடைபாதையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் சில பழைய கடிகாரங்கள். கடை அவ்வளவுதான். அப்பாவின் எச்எம்டி ஜனதா கைக்கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். முன்பு காட்டிய ஓர் இடத்தில், "இந்தச் செலவுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று திறந்தும் பார்க்காமல் திருப்பித் தந்துவிட்டார்கள்.

இங்கே இருந்தவர் சீனப் பெரியவர். பேச்சு மலாயில், "தம்பி" மட்டும் தமிழில். லூப் எனும் உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்திப் பின்மூடியைத் திறந்தவர், சாவித் தண்டைச் சுட்டிக் காட்டினார். துரு. சிங்கப்பூரின் ஈரக்காற்றும் மணிக்கட்டு வியர்வையும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன.

ஜனதா, ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து எச்எம்டி 1961-இல் பெங்களூரில் தொடங்கிய கடிகாரத் தொழிலின் பிள்ளை. பதினேழு கல் வைத்த மிஷின். விநாடிக்கு ஐந்து அடி, ஒரு நாளைக்கு 4,32,000. எண்ணெய் வற்றிய பிறகும் ஓடவிட்டால் முடி போன்ற அச்சுமுனைகள் தேயாமல் என்ன செய்யும்? அவர் முதலில் ஸ்பிரிங்கின் முறுக்கை மெல்லத் தளர்த்தினார். பிறகு பேலன்ஸ் வீலைத் தூக்கி, கம்பிச்சுருள் எதிலும் படாமல் கண்ணாடிக் கிண்ணத்தில் இறக்கினார். பற்சக்கரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றையும் கழுவி உலர்த்தியபின் ஊசிமுனையால் எண்ணெய் தொட்டு வைத்தார். துளி கொஞ்சம் பெருத்தாலும் வழிந்தோடிவிடுமாம். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

புதுக் கடிகாரம் எது வாங்கலாம் என்று கேட்டேன். பெயர் எதையும் சொல்லாமல் திருப்பிக் கேட்டார்: "பழுதானால் யார் திறப்பார்கள்?" இதைவிடச் சரியான கேள்வி இல்லை என்பது என் முடிவு. 1963-லிருந்து வரும் சீக்கோ 5 வரிசையை ஊர் ஊராகப் பழுது பார்க்கிறார்கள் என்றால், உதிரி பாகமும் கைப்பழக்கமும் எங்கும் இருப்பதால்தான். நேரம் பிசகக் கூடாது என்பவர் குவார்ட்ஸ் வாங்கலாம். செத்த பேட்டரியை மட்டும் உள்ளேயே விட்டுவைக்கக் கூடாது, கசிந்து மிஷினை அரித்துவிடும். 30 மீட்டர் என்று போட்டிருந்தால் அது மழைத் தூறலுக்குத்தான், நீச்சலுக்கு அல்ல. தோல் வார் இந்த ஊர் வியர்வையில் சீக்கிரம் இற்றுப்போகும். எஃகு வாரோ ரப்பரோ நல்லது.

அழகுக்கு ஒரே அளவுகோல்: கடிகாரத்தில் வார் மாட்டும் காதுகள் மணிக்கட்டைத் தாண்டி நீளக் கூடாது. ஜனதாவின் அகலம் சுமார் 35 மில்லிமீட்டர். அப்பாவுக்கும் பொருந்தியது, எனக்கும் பொருந்துகிறது. விலை ஏறும் என்று நம்பி வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். பெரும்பாலான கடிகாரங்கள் கடையை விட்டு இறங்கியதுமே விலை குறைந்துவிடுகின்றன. பழையது வாங்கும்போது டயலைக் கூர்ந்து பாருங்கள். எழுத்து மங்கலாகவும் நிறம் பளிச்சென்றும் இருந்தால் மறுசாயம் பூசியிருக்கலாம்.

எச்எம்டி கடிகார நிறுவனத்தை மூட 2016-இல் இந்திய அரசு ஒப்புதல் அளித்தது. அதனால் என் ஜனதாவுக்கான தண்டு, இழுப்பறையில் கிடந்த இன்னொரு செத்த ஜனதாவிலிருந்து வந்தது. அந்த இழுப்பறையை வேறு யாரும் கேட்டு வைக்கவில்லை என்றார் பெரியவர். தொழில் கற்க ஆளும் வரவில்லையாம்.

இப்போது அது நாளுக்கு அரை நிமிடம் முந்துகிறது. காலையில் ஒலி 96.8 வானொலியில் செய்தி தொடங்கும்போது முள்ளைச் சரிசெய்து சாவி கொடுக்கிறேன். உங்கள் வீட்டு அலமாரியில் நின்றுபோன கடிகாரம் இருந்தால், இத்தகைய மேசைகள் இருக்கும்போதே எடுத்துப்போய்த் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.