சதுர்யுக நாட்டொகை

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற்காட்டூர்களில் உழவர் சித்திரை முதல்நாளிற் பொன்னேர் பூட்டுவர். அந்நாளை வாக்கியப் பஞ்சாங்கம் வரையறுக்கும். அஃது ஆண்டளவாகக் கொண்டது 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. இவ்வளவு ஒரே பேரெண்ணிற் பிறந்ததென்பதைப் பஞ்சாங்கம் படிப்பாருள்ளும் அறிந்தார் சிலரே.

அவ்வெண் 157,79,17,500. கி.பி. 499-இல் இருபத்துமூன்று அகவை நிரம்பியிருந்த ஆரியபட்டர், சதுர்யுகத்துக்கு ஆண்டு 43,20,000 என்றும், அதனுட் பூமியின் சுழற்சி 158,22,37,500 என்றும் கொண்டார். விண்மீனை நோக்கி எண்ணிய சுழற்சியில் ஆண்டுக்கு ஒன்று குறைப்பின், ஞாயிற்றை நோக்கிய நாட்டொகை எஞ்சும். நிலம் சுழல்கின்றதென்று அக்காலத்தே துணிந்துரைத்தமை வியக்கற்பாலது.

இவ்வெண்ணின் அமைதி பகுத்து நோக்குவார்க்கே புலனாம். நாட்டொகை, ஆண்டுத்தொகை இரண்டையும் 7,500 எஞ்சாது வகுக்கும். ஈவு முறையே 2,10,389-உம் 576-உம் ஆம். எனவே 576 ஆண்டுக்கு நாள் 2,10,389. ஓராண்டுக்கு 365 நாளும், ஒரு நாளை 576 கூறிட்டதில் 149 கூறும். 2,10,389 என்பது 61, 3,449 என்னும் இரு பகா எண்களின் பெருக்கம். 576-ஐ ஆக்குவனவோ 2-உம் 3-உமே. ஆதலின் இவ்விரண்டையும் மேலும் சுருக்குதல் இயலாது. 60-ஐ மும்முறை பெருக்கிய 2,16,000-த்தை 576 எஞ்சாது வகுத்தலின், நாளை அறுபதறுபதாகக் கூறிடுங்காற் கணக்குத் தற்பரையில் முற்றுப்பெறும். சூரியசித்தாந்தத்தின் நாட்டொகையாகிய 157,79,17,828-ஐக் கொள்ளின் இன்னும் ஒரு படி கீழிறங்கல் வேண்டும். சோழி பரப்பிக் கணித்தவர்க்கு ஒரு படி குறைதல் எத்துணை உதவி! மேலும், 2,10,389-ஐ ஏழால் வகுப்பின் நான்கு எஞ்சும். ஆகவே 4,032 ஆண்டு கழிந்தே ஆண்டுப்பிறப்பு அதே கிழமையில் அதே நாழிகையில் மீளும்.

எண்ணின் அமைதி இத்தகையதாக, பருவத்தின் போக்கு வேறாயிற்று. ஞாயிறு பருவங்களை ஒருமுறை சுற்றி முடிக்குங் காலத்தினும் இவ்வாண்டு ஏறக்குறைய ஒரு நாழிகை மிகும். அறுபது நாழிகை ஒரு நாள். அறுபது ஆண்டு, பிரபவ முதல் அட்சய ஈறாகிய வட்டம். ஆதலின் வட்டந்தோறும் சித்திரை ஒரு நாள் பின்னிடும். ஆரியபட்டர் காலத்தில் இரவும் பகலும் ஒத்த நாளையொட்டிப் பிறந்த சித்திரை, இன்று அதற்கு ஏறக்குறைய 25 நாட் பின்னர், ஏப்ரல் 14-இற் பிறக்கின்றது. இம்மிகையிற் பெரும்பகுதி அயன நகர்ச்சியால் வருவது. விண்மீனாண்டு கொண்டார்க்கு அது குற்றமன்று. எண்ணின் குறையென்னத் தக்கது ஆண்டுக்கு எட்டு விநாழிகையளவே.

கரிசலுழவர்க்கோ முழுமிகையும் கணக்குண்டு. புரட்டாசியிற் புழுதியில் வித்திட்டு, வடகிழக்குப் பருவமழையை நோக்கியிருக்கும் மானாவாரி நிலம் அது. மிக முந்தி விதைப்பின் வித்துச் சிறுதூறலுக்கு முளைத்துக் கருகும். பிந்தின் கரிசல் சேறாகி ஏர் இறங்காது. மழை விண்மீனைக் கேளாது; ஞாயிற்றின் பருவத்தையே தொடரும். ஆதலின் மாதப்பெயரைப் பற்றி விதைநாள் குறிப்பவர், வட்டம் ஒன்று கழியுந்தோறும் அதனை ஒரு நாள் முன்னே, ஆவணியை நோக்கி, இழுத்துக்கொள்ளல் வேண்டும்.