தனுஷ்கோடியில் விட்டது, நரம்பையில் கிடைத்தது

திருபுவனைப் பக்கம் சம்பா அறுவடை முடிந்து நெல் மூட்டையாகிவிட்டால், நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வேன் அமர்த்தி ராமேஸ்வரம் போவது வழக்கம். தீர்த்தமாடி, தரிசனம் முடித்தால் அடுத்த இடம் தனுஷ்கோடி.

1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. இடிந்த தேவாலயத்தைத் தாண்டி, அரிச்சல்முனை வரை சாலை போகிறது. ஒரு பக்கம் அமைதியான 'பெண் கடல்', மறுபக்கம் சீறும் 'ஆண் கடல்'.

அப்படிப் போன ஒரு குடும்பத்தின் பத்து வயதுப் பெண், கரையில் கிடந்த வெள்ளைப் பவளத் துண்டை எடுத்துப் பையில் போட்டாள். வீட்டு அலமாரியில் வைக்க ஆசை. பாசிமணி விற்கும் அம்மா பார்த்துவிட்டு, "அதை வச்சிட்டுப் போ பாப்பா, கேஸ் ஆயிடும்" என்றார். "செத்த கல்தானே?" என்றார் அப்பா.

செத்ததும் சேர்த்திதான். பவளம், கடல்விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ளன. காய்ந்த துண்டை வைத்திருந்தாலும் சிறை வரை போகும். சில பெரிய சங்கு, சிப்பி வகைகளுக்கும் இது பொருந்தும். தனுஷ்கோடியின் ஒரு பகுதி 2025 ஜூனில் பூநாரை சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. வயலுக்கு வரப்பு எப்படியோ, தீவுக்குப் பவளப்பாறை அப்படி. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளத்தை வெட்டினார்கள். அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன.

பெண் முகம் வாடித் துண்டை வைத்தாள். ஊர் திரும்பிய பின், பாகூர் கொம்யூனில் உள்ள நரம்பைக் கடற்கரைக்கு அம்மா அழைத்துப் போனார். அலை ஒதுக்கிய சாதாரண மட்டி ஓடுகள் ஒரு கூடை கிடைத்தன. உள்ளே நண்டு குடியிருந்தவற்றை அங்கேயே விட்டார்கள்.

வீட்டில் ஓடுகளை நல்ல தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, பழைய பல்துலக்கியால் தேய்த்தார்கள். எலுமிச்சை, வினிகர் கூடாது. ஓடு சுண்ணாம்பு என்பதால் புளிப்பில் கரையும். நிழலில் உலர்த்தி, சணல் கயிற்றில் கோத்தார்கள். சில ஓடுகளில் துளை இயற்கையாகவே இருந்தது. கடல் நத்தை துளைத்து மட்டியைத் தின்ற அடையாளம் அது.

கரையில் ஒதுங்கிய கட்டை ஒன்றையும் ஒரு வாரம் ஊறவைத்து உப்பு நீக்கி, தோரணத்தை அதில் தொங்கவிட்டார்கள். உப்பேறிய கட்டையை அடுப்பில் எரிக்கக் கூடாது, புகை கெடுதல். உப்பு போகாத ஓட்டைச் செடித் தொட்டியிலும் போடக் கூடாது.

உடைந்த ஓடுகளும் வீணாகவில்லை. நன்றாகக் கழுவி, காயவைத்து, நொறுக்கி, முட்டையிடும் கோழிகளுக்குத் தனித் தட்டில் வைத்தார் பாட்டி. தோல்முட்டை இடும் கோழிக்கு வேண்டியது இந்தச் சுண்ணாம்புச் சத்துதான்.

இப்போது அந்த வீட்டு வாசலில் காற்றடித்தால் தோரணம் கலகலக்கிறது. தனுஷ்கோடித் துண்டு தனுஷ்கோடியிலேயே இருக்கிறது.