ஆவடி மைதானத்தில் ஒரு தோல்வி

காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போய் வந்தவர்கள் பிரயாணக் கட்டுரை எழுதுவது வழக்கம். சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடி வரையில் போய் வந்ததை ஒருவன் எழுதத் துணிந்தால் நேயர்கள் நகைக்கக் கூடும். நகைக்கட்டும். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் போதித்து வரும் எனக்கு, சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிறு பிரயாணத்திலேதான் ஒரு புதிய பாடம் கிடைத்தது.

என்னிடம் படித்த பையன் ஒருவன் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். வயது 19. வாரக் கடைசியில் அந்தப் பக்கத்து வாலிபர்கள் நடத்தும் கால்பந்துப் போட்டிகளில் அவனும் ஒரு குழுவுக்காக ஆடுகிறான். "சார், இந்த ஞாயிறு கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கி விடுவோம். நீங்கள் அவசியம் வர வேண்டும்" என்று அழைத்திருந்தான். கால்பந்தில் எனக்குள்ள ஞானம் சொற்பம். ஆயினும், மாணவன் அழைத்தால் மறுக்க முடியுமா?

விடியற்காலையில் மின்சார ரயில் ஏறினேன். 1856-ஆம் வருஷம் ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் ஆவடி மார்க்கமாகத்தான் ஓடிற்று. பெரம்பூரைத் தாண்டினால், 1955-ல் பண்டித நேரு திறந்து வைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலை வருகிறது. பிறகு வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரைவாக்கம், அம்பத்தூர். ஏரியும் வயலுமாக இருந்த ஊர்களில் இன்று பட்டறைகளும் அடுக்கு வீடுகளும் நெருக்கி நிற்கின்றன. அடுத்து வருவது சுந்தரமூர்த்தி சுவாமிகள் பாடிய திருமுல்லைவாயில். அதற்கும் அண்ணனூருக்கும் அப்பால் ஆவடி. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ மாதிரியான சமுதாயம் அமைப்பதே லட்சியம் என்று தீர்மானித்தது இவ்வூரில்தான். 1961-ல் நிறுவப்பட்ட ராணுவ டாங்கித் தொழிற்சாலையும் இங்கேதான் இருக்கிறது.

ஸ்டேஷனிலிருந்து அரை மணி நடந்து மைதானத்தை அடைந்தேன். மைதானம் என்பது மரியாதைக்காகச் சொல்லும் வார்த்தை. நடுவில் செம்மண், ஓரங்களில் மாத்திரம் புல், ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் சீமைக் கருவேலம் புதர். எங்கள் குழுவின் கோல்கீப்பர் இரவு ஷிப்டு முடித்து நேரே வந்திருந்தார். காப்டன் லேத் வேலைக்காரர். வயது நாற்பதை நெருங்கும். இன்னொருவர் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு கொடுப்பவர். ஆட்டம் தொடங்கும் வரையில் கைபேசியை விட்டுப் பிரிய மனமில்லாமல் நின்றார். எதிர்க் குழுவினர் பூந்தமல்லிப் பக்கத்தவர். எல்லோரும் கல்லூரி மாணவர்கள். நன்றாகத் தூங்கி எழுந்த முகங்கள்!

முதல் பாதியில் நம்மவர்களே ஒரு கோல் போட்டார்கள். எனக்கே ஒரு கணம் கால்பந்து தெரிந்து விட்டது போலிருந்தது. பிற்பாதியில் வெயில் ஏறிற்று. இரவு முழுதும் நின்ற கால்கள் தளர்ந்தன. எதிர்க் குழுவினர் இரண்டு கோல் போட்டு விட்டார்கள். ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கையில், ரெப்ரி நமக்கு ஒரு பெனால்டி கொடுத்தார். காப்டன் பந்தை என் மாணவனிடம் நீட்டினார்.

கோலின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி; பந்து வைக்கும் இடத்திலிருந்து தூரம் 36 அடி. கணக்குப்படி பார்த்தால் தவறவே கூடாது. ஆனால் உதைக்கிறவனுக்கு அந்தக் கணக்கா நினைவிருக்கும்? பந்து கம்பத்துக்கு மேலே பறந்து கருவேலம் புதருக்குள் போய் விழுந்தது. முள்ளில் கிழிபடாமல் அதை எடுத்து வருவதற்குள் ஆட்டமும் முடிந்து போயிற்று.

திரும்பும் ரயிலில் பையன் வாய் திறக்கவில்லை. வெகு நேரம் கழித்து, "இனிமேல் நான் ஆடப் போவதில்லை, சார். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் போனால் அம்மாவுக்காவது உபயோகமாயிருக்கும்" என்றான்.

ஆசிரியன் சும்மா இருப்பானா? எனக்குத் தெரிந்த சரித்திரத்தைச் சொன்னேன். 1948 ஜூலை 31. சுதந்திரம் பெற்று ஒரு வருஷம்கூட நிறையவில்லை. லண்டனை அடுத்த இல்போர்டில், ஒலிம்பிக் பந்தயத்தில் இந்தியா பிரான்ஸை எதிர்த்து ஆடிற்று. நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் என்பவர் ஒரு கோல் போட்டார். கிடைத்த பெனால்டிகள் இரண்டு, இரண்டும் வீண். முடிவு, இன்று போலவே, இரண்டுக்கு ஒன்று என்று தோல்வி. பெனால்டியைத் தவற விட்டவர்களில் ஒருவர் சைலேன் மன்னா. 1951 மார்ச்சில் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்ற போது, நம் குழுவின் காப்டன் யார் தெரியுமா? அதே மன்னாதான்!

பையன் யோசித்து விட்டு, "அவருக்கு மறுபடி இடம் கொடுத்தார்கள், சார். எனக்கு யார் கொடுப்பார்கள்?" என்றான்.

பாடப் புத்தகத்தில் இதற்கு விடை இல்லை. நான் விழித்தேன். அது வரையில் ஜன்னலோரம் கண்ணை மூடியிருந்த காப்டன் சிரித்தார்.

"சார் சொன்ன கதை நல்ல கதைதான். ஆனால் உன்னை நீக்குவதென்றால் பதினோராவது ஆளுக்கு நான் எங்கே போவேன், தம்பி? நானும் பெனால்டி தவற விட்டவன்தான். ஒன்றல்ல, மூன்று."

"கீழ்ப் பிரிவுக்கு இறங்கி விட்டோமே, அண்ணே?"

"அங்கேயும் இதே பந்துதானே?"

அண்ணனூர் வந்தது. காப்டன் எழுந்து, பந்து வைத்திருந்த சாக்குப் பையைப் பையனின் மடியில் போட்டு விட்டு இறங்கிப் போனார். அந்தக் குழுவில் ஒரு நியதி உண்டாம்: பந்தை வீட்டுக்கு எடுத்துப் போகிறவன்தான் அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன்னதாக மைதானத்துக்கு வர வேண்டும்.

அம்பத்தூரில் பையன் இறங்கினான். என்னிடம் விடை பெறும் போதும் அவன் முகம் தெளியவில்லை. ஆனால் கூட்டத்தில் நசுங்கி விடாமல் அந்தப் பையை மார்போடு அணைத்துக் கொண்டு நடந்தான். மன்னாவைப் பற்றி நான் சொன்னதைக் காட்டிலும் அந்தச் சாக்குப் பை நன்றாகவே பேசிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த ஞாயிறும் ஆவடிக்கு டிக்கெட் வாங்க உத்தேசித்திருக்கிறேன்.