'டக்' என்ற ஒரு சத்தம்

என் மனைவிக்குக் கோபம் வந்தால் பேசமாட்டாள். எனக்கு வந்தாலோ, பேச்சைத் தவிர வேறொன்றும் வராது. இந்தக் குணத்தால் நான் பட்ட வெட்கங்களில் கடைசியாக வந்ததை மட்டும் சொல்கிறேன்.

போன மார்கழியில் ஒரு நாள், விடியற்காலை ஐந்து மணி. திருச்சியில் என் அக்காவுக்கு அறுவைச் சிகிச்சை. "ஏழு மணிக்கு உள்ளே கொண்டு போய்விடுவார்களாம். அதற்குள் வந்து ஒரு தடவை முகத்தைக் காட்டிவிடுடா" என்று சொல்லியிருந்தாள். என்னைத் தூக்கி வளர்த்தவள். தஞ்சாவூரிலிருந்து 55 கிலோமீட்டர்தான். கார் இருக்கும்போது என்ன கவலை?

உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். 'டக்.' மறுபடியும் திருப்பினேன். 'டக், டக், டக்.' அவ்வளவுதான். விளக்கு எரிகிறது, ஹாரன் அலறுகிறது; எஞ்சின் மட்டும் அசையவில்லை. 1912-ல் காடிலாக் வண்டியில் கெட்டரிங் என்ற அமெரிக்கர் செய்த மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதற்கு முன்னெல்லாம் இரும்புக் கம்பியைச் செருகிக் கையால்தான் சுழற்றினார்கள். கை வலித்திருக்கும், ஆனால் இந்த 'டக்' அவர்கள் காதில் விழுந்திராது.

நானும் மனைவியுமாகத் தள்ளிப் பார்த்தோம். வாசல் மேட்டைக்கூடத் தாண்டவில்லை. பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழரை. அக்கா உள்ளே போயிருந்தாள்.

வழியிலேயே என் கோபம் ஓர் ஆளைத் தேடிப் பிடித்துவிட்டது. மூன்று மாதங்களுக்கு முன் புதுப் பாட்டரி மாட்டியவன் ஒரு பட்டறைப் பையன். இருபது வயசுகூட இராது. முதலாளிக்குப் போன் போட்டேன். "பழைய பாட்டரியைப் புதுசு என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டான்!" என்று நான் கத்தியதில் பஸ்ஸில் தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

தெய்வாதீனமாக, அக்காவுக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் ஊர் திரும்பியதும், வேறொரு கடையிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தேன். அவர் மீட்டரின் இரண்டு முனைகளையும் பாட்டரியின் ஈயக் குமிழ்கள்மேல் வைத்தார். 12.6 என்று காட்டியது.

"அருமையான பாட்டரி சார். சார்ஜ் நிறைஞ்சு இருக்கு" என்றார்.

பிறகு ஒரு முனையைக் குமிழிலும், மற்றதை அந்தக் குமிழைக் கவ்வியிருந்த கிளாம்பிலும் வைத்து, "இப்பத் திருப்புங்க" என்றார். டக், டக், டக்.

"பார்த்தீங்களா? நாலு வோல்ட் இந்த இடுக்கிலேயே போயிடுது. அரை வோல்ட்கூடப் போகக்கூடாது."

குனிந்து பார்த்தேன். கிளாம்பைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. விளக்குகளுக்குப் பத்து ஆம்பியர் மின்சாரம் போதும். எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டருக்கு நூறுக்கு மேல் வேண்டும். ஒற்றையடிப் பாதையில் ஆள் நடக்கலாம், தேர் போகுமா? ஸ்டார்ட்டர் தலையிலுள்ள காந்தம் இரும்பை இழுத்து 'டக்' என்கிறது. மோட்டார் மின்சாரம் கேட்டதும் வோல்ட் விழுகிறது, காந்தம் பிடியை விடுகிறது, மறுபடியும் இழுக்கிறது. அதுதான் அந்தச் சத்தம்.

பெரியவர் முதலில் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றினார். ஸ்பானர் தவறி வண்டியின் இரும்பில் பட்டாலும் பொறி பறக்காதாம். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்ற, உப்பு நுரைத்துக் கரைந்தது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, நெகட்டிவைக் கடைசியாக முடுக்கி, மேலே வாசலின் தடவினார். சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் வண்டி கிளம்பிவிட்டது.

"கிளாம்பு ரொம்பத் தேஞ்சு போச்சு. இறுக்கமாப் பிடிக்காது, மறுபடியும் பூக்கும். பாட்டரி மாட்டினவன் சொல்லலையா?"

சொல்லியிருந்தான். "கிளாம்பையும் மாத்திடலாம் சார்" என்றான். "இன்னும் கொஞ்சம் பில்லை ஏற்றப் பார்க்கிறாயா?" என்று கேட்டவன் நான்தான்.

உடனே அந்தப் பட்டறைக்குப் போனேன். பையன் இல்லை.

"நீங்க சொன்ன அன்னிக்கே நிறுத்திட்டேன் சார்" என்றார் முதலாளி, எனக்கு நல்லது செய்துவிட்டவர் மாதிரி.

தப்பு என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை தொண்டையிலேயே நின்றது. சாவியைத் திருப்பியவனுக்கு மட்டும் கேட்கும் 'டக்!' இரண்டாந் தடவைதான் வெளியே வந்தது. முதலாளி போன் செய்ய, பையன் சைக்கிளில் வந்து சேர்ந்தான். அங்கே வேலை செய்துகொண்டிருந்த நாலு பேர் காதிலும் விழும்படி நடந்ததைச் சொன்னேன். இழந்த நாட்களுக்கான கூலியை நீட்டினேன்; அவன் கையை நீட்டவில்லை. "முதலாளி பார்த்துக் கொடுப்பாரு சார்" என்று அவர் முகத்தைப் பார்த்தான். அவர் தலையை ஆட்டினார்.

அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "கிளாம்பை மாத்திட்டீங்களா சார்?"

"இல்லை தம்பி. அதை நீதான் மாற்ற வேண்டும்."

மாற்றிக் கொடுத்தான். அந்த வண்டியிலேயே அக்காவைப் பார்க்கப் போய், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்தாள், தையல் வலித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்ன வயசிலேயும் நீ அப்படித்தானேடா! உன் பேனாவிலே மை தீர்ந்து போனால், பக்கத்திலே உட்கார்ந்திருக்கிற பையனை அடிப்பே" என்றாள்.