ஊதக்காற்றும் சாம்பிராணிப் புகையும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் போதும், எங்கள் தெருவில் ஏதாவது ஒரு வீட்டில் குழந்தைக்கு இளைப்பு. இப்போது ‘வீசிங்’ என்கிறார்கள். நம் வயதுக்காரர்கள் உடனே ஜன்னலைச் சாத்துவோம், குல்லா மாட்டுவோம், சாம்பிராணி போடுவோம்.

காற்றின் மேல் பழி போடுவது நமக்கு மட்டுமே உள்ள வழக்கமல்ல. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் கதவு திறந்திருந்தால் வாத்தியார் ‘கூரான் தேர்!’ என்று சத்தம் போடுவார். ஊடுகாற்று என்று பொருள். பையன்களுக்குத் தெரிந்ததோ வில்லியனூர்த் தேர்தான். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

சென்ற மழைக்காலத்தில் இரண்டு வயதுப் பேத்திக்கு மூன்று தடவை இளைத்தது. இரவில் நெஞ்சில் பூனை கத்துவதுபோல் சத்தம். குழந்தை மருத்துவர் காற்றைப் பற்றிக் கேட்கவில்லை. “வீட்டில் யாருக்குச் சளி? என்ன புகை போடுகிறீர்கள்?” என்றார்.

ஐந்து வயதுக்குள் வரும் இளைப்புக்குப் பெரும்பாலும் சாதாரணச் சளி வைரஸே காரணமாம். பிஞ்சு மூச்சுக்குழாய் மெல்லியது. கொஞ்சம் வீங்கிச் சளி சேர்ந்தாலே அடைத்துக்கொள்ளும். அந்த வைரஸ் நம் கையிலிருந்தும் இருமலிலிருந்தும் முத்தத்திலிருந்தும் போகிறது. ஜன்னலைச் சாத்திய அறையில் இன்னும் எளிதாகப் பரவும். அதோடு கொசுவர்த்தி, ஊதுவத்தி, சிகரெட், சாம்பிராணி எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சாம்பிராணியை விட என் வீட்டம்மாவுக்கு மனமே வரவில்லை. “எங்கம்மா எட்டுப் பிள்ளைக்குப் போட்டாங்க” என்றாள். கடைசியில் பேத்திக்காக இறங்கி வந்தாள். தலைக்கு ஊற்றியபின் துண்டால் துவட்டுவதோடு சரி. கொசுவுக்கு வலை.

மற்றவை எளியவை. வெளியே போய் வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நமக்குச் சளி என்றால் குழந்தையைத் தூக்காமல் இருக்க வேண்டும். தாத்தாக்களுக்கு இதுதான் கஷ்டம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன்பின் ஆண்டுக்கொரு முறை ஃப்ளூ தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மூக்கில் எண்ணெய் விடுவதும், சின்னக் குழந்தையின் நெஞ்சில் கற்பூரத் தைலம் தேய்ப்பதும் ஆபத்து. மருத்துவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் ‘பழகிவிடும்’ என்று தடுக்காதீர்கள்.

நம் கைக்கடிகாரத்துக்கும் ஒரு வேலை உண்டு. குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40, அதைத் தொட்டாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பல குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதில் இந்த இளைப்பு தானே விட்டுவிடும் என்றார் மருத்துவர். அதுவரை நாம்தான் கொஞ்சம் விலகி நின்று கொஞ்ச வேண்டும்.