பம்பர்

கடலூர் முதுநகரில் எனக்கு ஒரு டிங்கரிங் பட்டறை இருக்கிறது. ஓலைக்கொட்டகையாக இருந்து தகரக்கொட்டகை ஆனது. அடிபட்ட வண்டிகளின் நெளிசல் எடுப்பேன், பெயிண்ட் அடிப்பேன். இப்போதெல்லாம் வரும் வண்டிகளுக்கு பம்பர் பிளாஸ்டிக். உடைந்தால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டவேண்டியதுதான். கைவேலை கிடையாது.

போன ஐப்பசியில் ஒரு இளைஞர் அம்பாசடர் ஒன்றை லாரியில் ஏற்றி வந்து இறக்கினார். வெள்ளை மார்க் 4. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கொட்டகை சரிந்து அதன்மேல் விழுந்ததாம். அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. தைக்குள் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் வேண்டும் என்றார். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோனதிலிருந்து இப்படி ஒரு மோகம் வந்திருக்கிறது. பழசு இப்போது கௌரவம்.

முன் பம்பரைப் பார்த்தேன். இடதுபக்கம், கொம்புக்குக் கீழே, உள்ளங்கை அளவு ஒரு நெளிசல். வாய்க்கால் மதகில் மோதியது. எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த நெளிசலுக்குள் புகுந்த சேற்றைக் குச்சியால் நோண்டி எடுத்தவன் நான்.

எங்கள் ஊர் சிதம்பரத்துக்கு மேற்கே, வீராணம் தண்ணீர் பாயும் பக்கம். அப்பா ஆண்டை வீட்டில் பண்ணையாள். 1980-இல் அம்பாசடர் வந்தது. மாட்டைக் கழுவுவதோடு காரைக் கழுவுவதும் அப்பா வேலையானது. அதற்குத் தனியாகக் கூலி உண்டா என்று கேட்காதீர்கள். ஓட்டுவதற்கு வேறு ஆள், ஊர்த்தெரு ஆள். எங்களுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான். கதவைத் திறக்கக்கூடாது.

பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் போவேன். பம்பர் என் பங்கு. முதலில் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் தார் எடுக்கணும். அப்புறம் திருநீறு வைத்துத் தேய்க்கணும். அந்தத் திருநீறு ஆண்டை வீட்டு சாமி அறையிலிருந்து வரும். பொங்கலுக்கு எங்கள் கையில் கொடுக்கும்போது தொடாமல் மேலிருந்து தூவுவார்கள், பாதி காற்றில் போய்விடும். பம்பருக்கு மட்டும் பொட்டலமாகவே கிடைக்கும். தேய்த்து முடித்தால் முகம் தெரியும். வளைந்து, அகலமாய், பல் மட்டும் பெரிதாக. எங்கள் வீட்டில் கண்ணாடி கிடையாது. என் முகத்தை நான் நன்றாகப் பார்த்தது அதில்தான்.

எனக்குப் பதினோரு வயசு. ஒருநாள் தேய்த்து முடித்த களைப்பில் இரண்டு கொம்புக்கும் நடுவே பம்பர்மேல் உட்கார்ந்துவிட்டேன். ஆண்டை திண்ணையில் இருந்து பார்த்துவிட்டார்.

"எவன்டா அவன்? சேரிப்பய குந்தற எடமாடா அது? எறங்குடா!"

அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்துபோயிருக்கும். அப்பாவைக் கூப்பிட்டார். "இன்னொருவாட்டி கழுவுடா, மொத்தமா" என்றார். அப்பா வாய்க்காலிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து, நான் உட்கார்ந்த இடத்தைக் கழுவினார். ஒரு மணி நேரமாக அந்த பம்பர் முழுக்க என் கை பட்டிருந்தது. அது தீட்டு இல்லை. கழுவுகிறவரும் அதே சேரிதான். அதுவும் தீட்டு இல்லை. உட்கார்ந்ததுதான் தீட்டு. உழைக்கும்போது தொடலாம், ஓய்வெடுக்கும்போது தொடக்கூடாது. தீண்டாமைக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அப்பா அன்றைக்கு என்னிடம் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் என்னைச் சிதம்பரத்தில், சுவாமி சகஜானந்தா 1916-இல் தொடங்கிய நந்தனார் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். நந்தனைத் தீயில் இறக்கிச் சுத்தம் செய்து உள்ளே விட்டதாகப் புராணம் சொல்லும் ஊரில், தீ இல்லாமல் உள்ளே போகக் கிடைத்த வாசல் அது. பத்தாவதுக்குமேல் எனக்குப் படிப்பு ஏறவில்லை. கடலூருக்கு வந்து பட்டறையில் சேர்ந்தேன்.

இளைஞர் சொன்னார்: "பம்பர கழட்டி மறுபடி முலாம் போட்டுடுங்கண்ணே. புதுசாட்டம் இருக்கணும்."

போடலாம்தான். பழைய பூச்சை உரித்து, இரும்பைத் தட்டி நிமிர்த்தி, முதலில் செம்பு, அதன்மேல் நிக்கல், கடைசியில் குரோமியம். கடைசிப் பூச்சு அரை மைக்ரான்கூட இருக்காது. மினுக்கில் பெரும்பங்கு அடியிலிருக்கும் நிக்கலுடையது, பெயர் மட்டும் மேலே இருப்பதற்கு. (இதுவும் நமக்குப் பழகிய ஏற்பாடுதான்.) ஆனால் அந்தக் கடைசித் தொட்டியைப் பற்றி எனக்குத் தெரியும். என் பெரியப்பா மகன் சென்னையில் ஒரு முலாம் பட்டறையில் ஒன்பது வருஷம் நின்றான். தொட்டியில் செம்பழுப்பாய் குரோமிக் அமிலம். மின்சாரம் விட்டதும் குமிழி கிளம்பி, நுண்ணிய சாரலாக மூக்கில் ஏறும். கையில் ஆறாத புண். மூக்கு நடுத்தண்டில் ஓட்டை விழுந்துவிட்டது. வலியே இல்லை, அதனால் ரொம்ப நாள் அவனுக்கே தெரியாது. இப்போது கருவாட்டுக் குழம்பின் வாசனைகூடத் தெரியாது என்பான். இந்த ஆறிணைய குரோமியம் நுரையீரல் புற்றுநோய் தரும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விஷயம். இராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு லட்சம் டன்னுக்கு மேல். சுற்றிலும் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளானது. பம்பர் மினுங்கவும் தோல் பதப்படவும் குரோமியம் வேண்டும். தொட்டிப் பக்கம் யார் நிற்பது என்பதை மட்டும் யாரும் எழுதி வைப்பதில்லை, தானாகவே நடக்கிறது.

"முலாம் வேணாம் தம்பி. உரியல, துருதான். கையாலயே எடுத்துடலாம்" என்றேன்.

துரு குரோமியத்துக்கு வராது. அதிலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியாக உப்புக்காற்று உள்ளே போய், அடி இரும்பு துருப்பிடித்து வெளியே கக்கும். முதலில் தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவணும். மண்ணோடு தேய்த்தால் கீறல். உப்புத்தாள் கூடவே கூடாது. சிகரெட் பெட்டியின் அலுமினியத் தாளை நனைத்து மடித்து, கொஞ்சங்கொஞ்சமாகத் தேய்க்கணும். அலுமினியம் குரோமியத்தைவிட மெத்து, கீறாது. பழுப்பாய்க் குழம்பு வரும், துடைத்துவிட்டு மறுபடி. கடைசியில் ஈரமில்லாமல் துடைத்து மெழுகு பூசணும். குழி விழுந்த இடம் குழியாகத்தான் இருக்கும்.

நாலு நாள் ஆனது. பையன்களிடம் விடவில்லை, நானே செய்தேன். சாயங்காலம் டீ வந்தால் அந்த இரண்டு கொம்புக்கும் நடுவே உட்கார்ந்து குடிப்பேன். பட்டறைப் பையன்களும் உட்காருவார்கள். நெளிசலை மட்டும் தட்டவில்லை.

இளைஞர் வண்டி எடுக்க வந்தபோது நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எழவில்லை. அவர் ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை. பம்பரில் முகம் பார்த்தார், சிரித்தார். பிறகு, "அண்ணனுக்கு எந்த ஊரு?" என்றார். ஊரைச் சொன்னேன். "அட, நம்மூரு! அங்க எந்தத் தெரு?"

இந்தக் கேள்வி எந்த ஊரிலும் இரண்டாவதாகத்தான் வரும்.

"ஒங்க தாத்தா வண்டிய கழுவிக்கிட்டிருந்தாரே, அவரு மவன்" என்றேன்.

அவருக்கு அப்பாவை நினைவில்லை. எப்படி இருக்கும், அப்போது அவர் பிறந்திருக்கவே மாட்டார். கொஞ்ச நேரம் செல்போனைப் பார்த்தார். அதுவரைக்கும் வாய்க்கு வாய் வந்த 'அண்ணே' அப்புறம் வரவில்லை. திட்டவும் இல்லை, அதையும் சொல்லியாகவேண்டும். நெளிசல் அப்படியே இருக்கிறதே என்றார். "அது பழசு. தட்டுனா பூச்சு உரிஞ்சிடும்" என்றேன். பொய் இல்லை.

"அப்ப பில்லுல கொஞ்சம் கொறச்சுக்க."

குறைக்கவில்லை. முழுசாக எண்ணி வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தேன்.